மேஜைமேல் ஒரு தண்டு

ஓசூர்ப் பட்டறை ஒன்றில் ரெஜினா என்றொரு வெல்டர் இருந்தாள். கிரேனுக்கான அலாய் எஃகுத் தண்டுகளைச் சூடேற்றிப் பற்றவைத்து, சுடுமணலில் புதைப்பாள். அந்திவானம் மங்குவதுபோல் உள்ளே சூடு மெல்ல மெல்ல அடங்கும்.

புது மேனேஜர் தணிகைவேலுக்கு அது பொறுக்கவில்லை. "சூடும் வேண்டாம், மணலும் வேண்டாம். பத்துத் தண்டையும் பத்தவச்சு உடனே கொடு. முடியாதுன்னா வேலைக்கு வராதே."

"சரிங்க சார். நீங்க சொன்னபடி பத்தவச்ச முதல் தண்டு உங்க மேஜையிலேயே இருக்கட்டும், வர்றவங்க பார்க்கட்டும்" என்றாள்.

மறுநாள் தண்டு வாங்க வந்தவரிடம் மேனேஜர் தன் வேகத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். மேஜைமேல் 'டிங்' என்றொரு சத்தம். பற்றவைத்த இடத்தில் மயிரிழைபோல் விரிசல் ஓடியிருந்தது.

வந்தவர் முகம் மாறியது. "மத்த ஒன்பதும்?"

"மணல்ல தூங்குதுங்க. சாயங்காலம் எழுப்பித் தர்றேன்" என்றாள் ரெஜினா.

மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "தூங்கட்டும்மா."