லேப்டாப்புக்குள் ஒரு கரடி

ஓடைக்கரையில், ஆள் இல்லாத காவல் குடிலில் பூதன் என்ற கரடி இருந்தது. அதனிடம் ஒரு கேமிங் லேப்டாப் இருந்தது. கூரைமேல் இருந்த சோலார் தகடு அதற்கு மின்சாரம் கொடுத்தது. கார்ப் பந்தய ஆட்டத்தில் பூதனை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது.

அக்கரையில் சிலுப்பி என்ற மந்தி இருந்தது. அதனிடமும் ஒரு லேப்டாப் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேங்கை மரம். அந்தக் கோடையில் அதன் கிளையெல்லாம் தேன்கூடுகள்.

"என் மரம்!" என்றது கரடி.

"நான் பிறந்த மரம்!" என்றது மந்தி.

சண்டை முற்றியது. கடைசியில், பந்தயத்தில் ஜெயிப்பவருக்கே தேன் என்று முடிவாயிற்று. மாலையில் சூரியன் மலை உச்சியைத் தொடும்போது ஆட்டம் தொடங்கும். தாமதமாக வருபவருக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

பந்தய நாள் காலையில் பூதன் பழகிப் பார்க்க உட்கார்ந்தது. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, லேப்டாப்பை வழக்கம்போல் மடியில் வைத்துக்கொண்டது. கொஞ்ச நேரம்தான் ஆடியிருக்கும். லேப்டாப் அடுப்புக் கல்லாகச் சுட்டது. உள்ளே விசிறி 'உஸ் உஸ்' என்று இரைந்தது. திருப்பம் வந்தால் கார் நின்று நின்று நகர்ந்தது.

"போன வாரம் காற்றாய்ப் பறந்தாயே! இப்போது உனக்கு என்ன வந்தது?" என்று கேட்டது பூதன். அதைத் திருப்பிப் பார்த்தது. தட்டிப் பார்த்தது. ஒன்றும் விளங்கவில்லை.

ஓடையில் எருமை படுத்திருந்தது. பூதன் அதனிடம் போய் முறையிட்டது.

"சூட்டுக்குச் சேறுதான் தம்பி மருந்து! என்னைப் பார். கழுத்துவரை முங்கிக் கிடக்கிறேன். நான் என்றைக்காவது சூடாகியிருக்கிறேனா?"

"தண்ணீர் பட்டால் செத்துப்போகும் அக்கா!"

"அப்படியா? அப்போ குளிர்ச்சியாக ஒரு வாழையிலையைப் போர்த்திவிடு."

பூதன் போர்த்தியது. சூடு இன்னும் ஏறியது. இலைதான் வதங்கியது.

அங்கே ஓணான் ஒன்று வந்தது. இலையைத் தள்ளிவிட்டு லேப்டாப்பின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

"ஆகா! என்ன சுகம்! இதற்கா புலம்புகிறாய்? இப்போதுதான் இது சரியாக இருக்கிறது!"

பூதனுக்குத் தலை சுற்றியது. ஒருத்தி குளிரவை என்கிறாள். ஒருவன் இதுதான் சரி என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

அப்போது அதன் காதோரம் ஒரு சிறு குரல் கேட்டது. பூதனின் ரோமத்தில் குடியிருந்த தெள்ளுப்பூச்சி அது. பெயர் துள்ளி.

"அண்ணே, அடியில் ஒரு ஓட்டை தெரிகிறது. நான் உள்ளே போய்ப் பார்க்கட்டுமா?"

"போ! சீக்கிரம் வா!" பூதன் லேப்டாப்பை அணைத்தது. சூடு தணிந்ததும் துள்ளி உள்ளே குதித்தது. போன வேகத்தில் திரும்பி வந்தது.

"அண்ணே! உள்ளே ஒரு கரடி!"

"என்னடா உளறுகிறாய்?"

"சத்தியமாகக் கரடிதான்! அடர்ந்த கறுப்பு ரோமம். நுழைந்ததும் வீட்டுக்கே வந்துவிட்டது போல இருந்தது. ஒரு தூக்கம் போடலாமா என்றுகூட நினைத்தேன்!"

பூதன் எல்லாம் புரிந்ததுபோல் தலையை ஆட்டியது. அந்த இரைச்சல் அவன் மூச்சு. அந்தச் சூடு அவன் கோபம். திருப்பத்தில் காரைப் பிடித்து இழுப்பவனும் அவன்தான்!

"சிலுப்பி அனுப்பிய ஆள்! வெளியே வாடா கோழையே!"

பூதன் லேப்டாப்பை மறுபடி இயக்கியது. 'உஸ்' என்றது விசிறி.

"என்னைப் பார்த்தா சீறுகிறாய்?" பூதன் இரண்டு காலில் எழுந்து நின்று உறுமியது. குடில் அதிர்ந்தது. ஓணான் ஓடிப்போய்க் கூரையில் ஒளிந்தது. பூதன் மிரட்டியது. கெஞ்சியது. "சரி, தேனில் பாதி உனக்கு. வெளியே வந்துவிடு!" என்று பேரம் பேசியது. விசிறி 'உஸ்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பகல் இப்படியே போயிற்று.

துள்ளி மெல்லச் சொன்னது. "அண்ணே, மறுபடி அணையுங்கள். அவன் முடி ஒன்றைப் பிடுங்கி வருகிறேன். மோந்து பார்த்தால் எந்த மலைக்காரன் என்று தெரிந்துவிடுமே!"

முடி வந்தது. பூதன் மோந்தது. புற்று மண் வாசம். புளித்த இலுப்பைப் பூ வாசம். எங்கோ பழகிய வாசம். குனிந்து தன் வயிற்றை மோந்தது. மறுபடி முடியை மோந்தது.

"துள்ளி..."

"யார் அண்ணே அவன்?"

"நான்தான்டா."

கோடையில் கரடிக்கு முடி கொட்டும். மடியில் கிடந்த லேப்டாப் காற்றோடு முடியையும் இழுத்து விழுங்கியிருந்தது. மீதி ஓட்டையை வயிறே அடைத்திருந்தது.

பூதன் அதற்குமேல் ஒரு நொடியும் வீணாக்கவில்லை. கறையான் புற்றில் வாய் வைத்து உறிஞ்சுவதுபோல் ஓட்டையில் உதட்டைக் குவித்து உறிஞ்சியது. பந்து பந்தாக முடி வந்தது. லேப்டாப்பைத் தூக்கி இரண்டு கல்லின்மேல், அடியில் காற்றுப் போகும்படி வைத்தது. இயக்கியதும் அது சத்தமில்லாமல் ஓடியது. சூடும் இல்லை.

அதற்குள் அக்கரையில் ஒரே ஆரவாரம். சூரியன் உச்சியைத் தொட்டு, பந்தயம் பாதி முடிந்திருந்தது!

பூதன் பாய்ந்து உட்கார்ந்தது. அதன் கார் பறந்தது. ஒரு திருப்பத்திலும் நிற்கவில்லை. கடைசி வளைவில் மந்தியின் காரை ஒட்டிக்கொண்டே போனது. ஒரு மூக்கு நீளம் முந்தி, மந்தியின் கார் கோட்டைத் தாண்டிவிட்டது.

சிலுப்பி வேங்கை மரத்தில் உட்கார்ந்து விரலை நக்கியது.

"கரடியாரே! கடைசியில் புயலாய் வந்தீரே! இத்தனை நேரம் எங்கே போயிருந்தீர்?"

"ஒரு கரடியோடு சண்டை."

"அட! யார் ஜெயித்தது?"

பூதன் வாயைத் திறந்தது. நாக்கில் ஒட்டியிருந்த சொந்த முடியைத் துப்பிவிட்டு, குடிலைப் பார்த்து நடந்தது.

தன்னால் வந்த கோளாறுக்குப் பகைவனைத் தேடுகிறவன், கோளாறைக் கண்டுபிடிப்பதற்குள் காரியத்தைக் கோட்டை விடுவான்.