பூனைப்பருந்து ஏன் தலையக் குனிஞ்சு பறக்குது

அந்தக் காலத்துல, மனுசர் பேச்சுக்குப் பறவைக மறுபேச்சு பேசுன காலத்துல, கரிசக்காட்டுல ஆவுடைத்தங்கம்னு ஒருத்தி கம்பு வெதச்சுப் பொழச்சா. இருக்கிறது ஒரே மக, சிட்டு. புருசன், கெணத்துல விழுந்த ஆட்டுக்குட்டியத் தூக்க எறங்குனவன்; குட்டி மட்டும் மேல வந்துச்சு. அந்தக் குட்டி பெறகு ஊரையே முட்டித் திரிஞ்சது தனிக்கதை. அது கெடக்கட்டும்.

பூனைப்பருந்து அப்பல்லாம் வருசம் பூரா இங்கேயேதான் இருக்கும். அதுக்கும் ஆவுடைக்கும் ஒரு பேச்சு. கம்புல வெட்டுக்கிளி உக்காராமப் பருந்து பாத்துக்கிடணும். அதுக்குப் பதிலா வடக்கு மூலைய அவ அறுக்காம விடணும். அதுக்குள்ளதான் பருந்து தரையில கூடு வைக்கும். குஞ்சு பறந்த பெறவுதான் அங்க அருவா படும். காடைக்கு இதுல ஒரே பொறாமை, எங்களுக்கு ஒரு கம்பந்தட்டை விட்டியான்னு கேட்டுக்கிட்டே திரியும். நீ தின்னுட்டுத்தான கேக்கன்னு ஆவுடை வெரட்டுவா.

ஒரு வருசம் மழை ஏமாத்திருச்சு. வீட்டுல இருந்த தவசமெல்லாம் தீந்துபோச்சு. சிட்டு கண்ணு உள்ள போயி, தண்ணி கேக்கக்கூடத் தெம்பில்லாமக் கெடக்கா. காட்டுல மத்ததெல்லாம் கருகி, அந்த மூலைக் கம்பு மட்டும் நிக்குது.

பருந்து வெட்டுக்கிளிக் கூட்டத்த வெரட்டிக்கிட்டு மேற்க போயிருந்த நேரம். ஆவுடை அருவாள எடுத்தா. கூட்டச் சுத்தி நாலு தட்டைய விட்டாப் போதும், குஞ்சுகளுக்கு நெழலாச்சுன்னு நெனச்சுத்தான் எறங்குனா. அறுக்க அறுக்கக் கை நிக்கல.

அந்தியில பருந்து திரும்புச்சு. மூலை மொட்டையாக் கெடக்கு. கூடு இருக்கு, குஞ்சுகளக் காணோம். காக்கா கொண்டுபோச்சோ, வெயிலுக்குத் தவந்து எங்க போச்சோ. நேரா வீட்டு வாசலுக்கு வந்துச்சு.

"ஏட்டி ஆவுடை, எம்பிள்ளைக எங்க?"

"எம்பிள்ளைக்குக் கஞ்சி காச்சிட்டேன், ஆத்தா."

பருந்து உள்ள எட்டிப் பாத்துச்சு.

"குடிச்சாளா?"

ஆவுடை மடியில சிட்டு கெடந்தா. ஊட்டுன கஞ்சி கடவாயில வழிஞ்சு காஞ்சிருந்துச்சு.

பருந்து வையவுமில்ல, அழவுமில்ல. சொன்ன சொல்லுக்காக வெட்டுக்கிளியப் பாத்துக்கிடுதேன், இனி இந்த மண்ணுல முட்டை வைக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. பெறகு அது யாருகிட்டயும் பேசல.

அன்னைக்கு முதக்கொண்டுதான் பூனைப்பருந்து அடமழையோட வந்து, கதிரத் தொடுற மாதிரித் தலையக் குனிஞ்சு தேடிக்கிட்டே பறக்குது, மரமிருக்கத் தரையில படுக்குது, கோடை வெயில் ஏறுமுன்ன வடக்க எங்கயோ போயிக் குஞ்சு பொரிக்குது. இப்ப அதுவும் எப்பவாவது ஒண்ணுதான் தட்டுப்படுது. அதக் கண்ட பொம்பளைக அருவாளக் கீழ வச்சிட்டு, அது கடந்து போறவரைக்கும் நிக்காக. பெறகு எடுத்து, அந்த மூலையையும் அறுத்திருதாக.