மூணு அடியும் ஒரு மூச்சும்

முன்னே ஒரு காலத்துல, யானைக்கும் அரண்மனையில வேலை இருந்த காலத்துல, ஏழுகுளத்தூர்னு ஒரு ஊரு இருந்துச்சு. அந்த ஊருக்கு ஒரு ராஜா, ராஜாவுக்கு ஒரே ஒரு யானை, பேரு பொன்னாயி. ராஜான்னதும் பெரிய ராஜான்னு நெனச்சுக்காதீங்க, மூணே மூணு தெருவுக்குத்தான் ராஜா. மீசை மட்டும் முப்பது தெருவுக்கு இருக்கும்.

வருஷா வருஷம் அந்த ஊரு அம்மன் பொன்னாயி முதுகுல ஏறி, மூணு தெருவும் கடந்து குளத்தங்கரை மண்டபத்துக்குப் போவா. மூணு நாள் அங்க இருந்துட்டு அதே வழியில திரும்புவா. அவ கோயிலுக்குத் திரும்பி வந்தாத்தான் ஊருல விதைநெல்லை வெளியில எடுப்பாங்க. முன்னால மேளம் அடிச்சாத்தான் பொன்னாயி நடப்பா. அதான் வழக்கம்.

அரண்மனை மேளக்காரன் பேரு வைரவன். அவன் எட்டு அடிக்குள்ள பதினாறு அடைப்பான், பதினாறுக்குள்ள முப்பத்திரண்டு அடைப்பான், விரல் ஆடுறது நம்ம கண்ணுக்கே தெரியாது. பன்னெண்டு வருஷம் பாடம் படிச்ச கை, அதைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா அடிக்கும்போது கண்ணை மூடிக்குவான். தன் கையைத் தானே கேட்டுச் சொக்கிப் போயிருவான்.

இன்னொருத்தன் பேரு சடையன். களத்துல நெல்லு மிதிக்கிற மாட்டுக்கு மேளம் அடிக்கிறவன். மேளம் நின்னா மாடும் நின்னு வைக்கோலைத் திங்க ஆரம்பிச்சிரும், அதுக்காக ஒருத்தன் அடிச்சுக்கிட்டே இருக்கணும். அவனுக்குத் தெரிஞ்சது நாலே நாலு அடி. ஊரே அவனை நாலடிச் சடையன்னுதான் கூப்பிடும். ஆனா எந்த மாடு சோந்து போச்சு, எந்த மாடு காலை இழுக்குதுன்னு பாத்துப் பாத்து அடிப்பான். மாடுங்களுக்கு அவன்னா உசுரு.

அந்த வருஷம் திருநாள் அன்னிக்கு, அம்மனை ஏத்தியாச்சு, பொன்னாயி ரெண்டு எட்டு வச்சா, அப்படியே நின்னுட்டா. வைரவன் எட்டா அடிச்சான், அவ காதை ஆட்டினா. பதினாறா அடிச்சான், அவ மண்ணை வாரித் தலையில போட்டுக்கிட்டா. முப்பத்திரண்டா அடிச்சான், அம்மனோட சேந்து தரையில உக்காந்தே உக்காந்துட்டா.

ராஜாவுக்கு மீசை துடிச்சுச்சு. "பொழுது சாயறதுக்குள்ள இவ நடக்கலன்னா நாளைக்கே மலைக்கு ஓட்டிருவேன். அங்க மரம் இழுக்கட்டும்"னாரு. பாகன் துண்டை வாயில வச்சுக்கிட்டு அழுதான்.

கூட்டத்துல நின்ன சடையன் மேளத்தைத் தோள்ல மாட்டினான். அவன் பொண்டாட்டி பூவாயி வேட்டியைப் புடிச்சு இழுத்தா.

"எங்கய்யா கிளம்பிட்ட? தப்பாப் போனா மேளத்தைப் புடுங்கிக்குவாங்க. அதை விட்டா ஒனக்கு என்ன தெரியும்? சோறு வடிச்சாக் கூடக் கஞ்சியோட சேத்துக் கவுத்துருவியே."

"அவளுக்குக் கால் வலிக்குது பூவாயி. பாத்துக்கிட்டு நிக்க முடியல."

ராஜாகிட்டப் போயும் அதையே சொன்னான். வைரவன் விழுந்து விழுந்து சிரிச்சான். "மாட்டு மேளக்காரன் இப்ப யானை வைத்தியனா ஆயிட்டான்"னான். பாகன் காலைப் பாக்கக் குனிஞ்சான், பொன்னாயி கிட்டயே விடல. அதுவரைக்கும் அவன் ஏன் பாக்கலன்னு கேக்குறீங்களா? அவன் மேல உக்காந்தே பழகினவன், கீழ பாத்து எத்தனையோ வருஷம் ஆச்சு.

"சரி, அடி. அவ நடக்கலன்னா மேளத்தை இங்கயே வச்சுட்டுப் போயிரணும். இந்த ஜென்மத்துல அதைத் தொடக் கூடாது"ன்னாரு ராஜா.

சடையன் பொன்னாயி எதுக்க நின்னு அவ காலையே பாத்தான். அப்புறம் அடிச்சான். மூணு அடி கெட்டியா, பெறகு ஒரு மூச்சு நேரம் சும்மா, நாலாவது அடி மெத்துனு. தோம், தோம், தோம், ஒரு மூச்சு, தும். நல்ல காலு மூணுக்கும் மூணு அடி, நோவுற காலுக்கு அவசரப்படாதேன்னு ஒரு மூச்சு. பொன்னாயி எந்திரிச்சா. ஒரு எட்டு வச்சா, ரெண்டு எட்டு வச்சா, மூணு எட்டு வச்சா. அப்படியே மெல்ல மெல்ல மூணு தெருவும் கடந்து குளத்தங்கரைக்கு வந்துட்டா. வந்ததும், அம்மனை இறக்கினதும், இடது முன்னங்காலைத் தானே தூக்கிச் சடையன்கிட்டக் காட்டினா. உள்ளங்கால்ல ஒரு விரல் நீளத்துக்குக் கருவேல முள்ளு. பாகன் முள்ளை எடுத்து மஞ்சளும் பச்சிலையும் வச்சுக் கட்டினான்.

ஊரெல்லாம் சடையன் பேச்சுதான். வைரவனுக்கு வயிறு எரிஞ்சுச்சு. ராஜாகிட்டப் போயி, "ராஜா, அது என் வீட்டு அடி. நான் சாதகம் பண்ணும்போது இவன் வேலியோரம் நின்னு திருடிட்டான்"னு கூசாமச் சொன்னான். மனுஷன் வழி நெடுக விரல் விட்டு எண்ணிக்கிட்டே வந்திருக்கான். உடனே மேளத்தை எடுத்து மூணு அடி, ஒரு மூச்சு, ஒரு அடின்னு இம்மி பிசகாம வாசிச்சுக் காட்டினான்.

ராஜா யோசிச்சாரு. நாலு அடி தெரிஞ்சவனுக்கு இது எங்கருந்து வந்துச்சுன்னு அவருக்கே சந்தேகம் வந்துருச்சு. சடையன் மேளத்தைப் புடுங்கி அரண்மனை உத்தரத்துல தொங்க விட்டுட்டாரு. மூணு நாளும் சடையன் சோத்துல கை வைக்கல. சும்மா இருந்த கை ரெண்டும் முட்டியைத் தட்டிக்கிட்டே இருந்துச்சு. அதைப் பாத்துப் பாத்துப் பூவாயி மூக்கைச் சிந்தினா.

அம்மன் திரும்புற நாள் வந்துச்சு. வைரவன் பட்டு வேட்டி கட்டி, மேளத்துக்குச் சந்தனம் வச்சு, முன்னால வந்து நின்னான். சடையனுக்கு மனசு கேக்கல, கிட்ட வந்தான்.

"அண்ணே, என்மேல கோவம் இருந்தா இருக்கட்டும். இன்னிக்கு அந்த அடி வேண்டாம். முள்ளை எடுத்தாச்சு."

"முள்ளு போனா என்னடா, அடி அதே அடிதானே. போடா அந்தப் பக்கம்"னான் வைரவன். கண்ணை மூடினான். தோம், தோம், தோம், ஒரு மூச்சு, தும்.

பொன்னாயிக்குக் கால் சுத்தமா ஆறிப் போயிருந்துச்சு. அவ நல்லா வீசி நடக்கப் பாக்குறா, மேளம் நொண்டுது. காலைத் தூக்குறா, அடி விழல. வைக்கிறா, அப்புறமா விழுது. ஒரு தடவை பொறுத்தா, ரெண்டு தடவை பொறுத்தா, மூணாவது தடவை பொறுக்கல. தும்பிக்கையால வைரவனை இடுப்போட சுத்தித் தூக்கி, பட்டு வேட்டியோட, சந்தன மேளத்தோட குளத்துல போட்டா. முதுகுல இருந்த அம்மன் ஒரு அசங்கு அசங்கல.

தலையில தாமரை இலையோட எந்திரிச்சான் வைரவன். சிரிக்காதீங்க, சடையனும் சிரிக்கல. ஓடிப் போயி அவன்தான் கை கொடுத்துக் கரை ஏத்தினான். கரை ஏறின வைரவன் அந்தக் கையை விடாம ராஜா முன்னால வந்து நின்னான்.

"அந்த அடி யாருதுடா?"ன்னாரு ராஜா.

"சடையனுதுதான் ராஜா. நான் சொன்னது பொய்."

ராஜா ஆள் அனுப்பி உத்தரத்துல இருந்த மேளத்தை இறக்கிட்டு வந்து, தன் கையாலயே சடையன் தோள்ல மாட்டினாரு. சடையன் அடிக்க, பொன்னாயி ரெண்டு தெரு நடந்துட்டா. மூணாவது தெரு கோயிலைப் பாத்து இறங்குற தெரு. கோயில் வாசல்ல கட்டுக் கட்டாக் கரும்பு வச்சிருந்தாங்க. அதைப் பாத்ததும் பொன்னாயி ஓட ஆரம்பிச்சா. அம்மன் ஆடுறா, பிள்ளைங்க சிதறுது, சடையனுக்கு அவ கால் போற போக்கு தெரியுது, அதுக்குத் தக்கனக் கை ஓடல. நாலு அடிக்காரன் பாவம், என்ன செய்வான்?

"அண்ணே, ஓடியாங்க. எனக்குக் கை பத்தல."

"நான் அடிச்சா மறுபடியும் தூக்கிப் போடுவாடா."

"கண்ணைத் தொறந்து அடிங்க. அவ காலை மட்டும் பாருங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்."

சொட்டச் சொட்ட நனைஞ்ச வைரவன் சடையன் தோள்ல இருந்த மேளத்தை வாங்கினான். பொறந்ததுலேருந்து மொத தடவையா ஒரு காலைப் பாத்து அடிச்சான். அவ ஓடுன ஓட்டத்துக்கு முப்பத்திரண்டா அடிச்சான், அப்படியே பதினாறா இறக்கினான், பதினாறை எட்டா இறக்கினான். அவன் இறக்க இறக்கப் பொன்னாயி காலும் இறங்குச்சு. கோயில் வாசலுக்கு வரும்போது கன்னுக்குட்டி மாதிரி நடந்து வந்தா. அந்த வேலை சடையனால ஆயிருக்காது. அவனே அதைச் சொல்லி அழுதான், சந்தோஷத்துலதான்.

அதுக்காகப் பொய்க்குத் தண்டனை இல்லாமப் போகுமா? ஒரு போகம் முழுக்க வைரவன் களத்துல மாட்டுக்கு மேளம் அடிக்கணும்னு ராஜா சொல்லிட்டாரு. மாடு கை தட்டுமா, சபாஷ் போடுமா? தப்பா அடிச்சா நிக்கும், அவ்வளவுதான். நின்னு நின்னே அது அவனுக்குச் சொல்லிக் கொடுத்துச்சு. போகம் முடிஞ்ச பிறகும் அவன் களத்தை விட்டுப் போகலியாம். சாயங்காலம் ஆனா சடையன் வீட்டுல சாப்பாடு, பூவாயி கையால.

ரெண்டு பேர்ல யாரு பெரிய மேளக்காரன்னு என்னைக் கேக்காதீங்க. பொன்னாயிகிட்டக் கேட்டா, ரெண்டு பேரும் சேந்து வந்தா நடக்குறேன்னு சொல்லுவா. அங்க அவங்க மேளம் அடிச்சுக்கிட்டே இருக்கட்டும், இங்க நாம காலை நீட்டிப் படுப்போம்.