எருமை ஊதிக் குடிக்கும் தண்ணீர்

அந்தக் காலத்தில் கல்லைத் தவிர எல்லாவற்றுக்கும் பேச்சு வரும். கல்லுக்கும் வரும், சொல்ல விஷயம் இல்லாததால் சும்மா இருந்தது என்று சிலர் சொல்வார்கள். அதை யாரும் போய்க் கேட்கவில்லை.

அப்போது ஒரு பெரிய கண்மாயில் நீலப்பாசி குடியிருந்தது. குடியிருந்தது என்று ஒருமையில் சொல்வது தப்பு. ஒரு சொட்டுத் தண்ணீரில் ஆயிரம் பேர் இருந்தார்கள். தனித்தனியாக யாரும் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். பேர் நீலம் என்றாலும், சேர்ந்து மிதந்தால், யாரோ பச்சைச் சாயத்தைக் கொட்டிவிட்டுப் போனதுபோல் இருக்கும். கை இல்லை, கால் இல்லை, கடிக்கப் பல்லும் இல்லை. வெயிலைத் தின்றுதான் பிழைப்பு. ஆனால் பேச்சு மட்டும் ஓயாது. ஒருத்தி ஆரம்பித்ததை இன்னொருத்தி முடிப்பாள். அதற்குள் மூன்றாமவள் "அப்படி இல்லடி" என்று குறுக்கே வருவாள். கல்யாண வீட்டுச் சமையற்கட்டுபோல எப்போதும் ஒரே இரைச்சல்.

பெருமைக்கும் குறைவில்லை. "இந்த உலகத்துல மூச்சுக்காத்தை முதமுதல்ல விட்டது யாரு? நாங்க!" என்று கரையேறும் நண்டையெல்லாம் நிறுத்திச் சொல்வார்கள்.

"நேத்தே சொல்லிட்டீங்க, முந்தாநாளும் சொன்னீங்க" என்று நண்டு வளைக்குள் போய்விடும்.

நின்று கேட்டது கோணக்கொம்பி மட்டும்தான். அது ராக்கு என்பவளின் எருமை. இடது கொம்பு மேலே போகாமல் காதை நோக்கி வளைந்திருக்கும். உச்சிப் பொழுதானால் கண்மாய்க்குள் இறங்கிப் புரளும். அடியில் கிடக்கும் சேறு கலங்கி எழும். அந்தச் சேற்றில் பாசிக்கு வேண்டிய சத்தெல்லாம் இருந்தது. வெயிலை மட்டும் தின்று யாரால் வளர முடியும்?

"மதினி, இன்னொரு புரளு புரளேன்."

"நான் என்ன உங்க வீட்டு மத்தா, கடைஞ்சுக்கிட்டே கிடக்க?"

"மத்து இம்புட்டுக் கனம் கனக்காது மதினி!"

ஆயிரமாயிரம் பேர் சேர்ந்து சிரிப்பார்கள். தண்ணீரில் குமிழ் கிளம்பும். கோணக்கொம்பி கோபித்துக்கொண்டதுபோல் வாலால் ஓர் அடி அடித்துவிட்டு, இன்னொரு புரளும் புரளும். தவித்தால் கிடந்த இடத்திலேயே ஒரு வாய் குடித்துக்கொள்ளும். வாயில் நூறு பாசி போனாலும் இரண்டு பக்கமும் யாரும் பொருட்படுத்தியதில்லை. நூறு போனால் சாயங்காலத்துக்குள் இருநூறு வந்துவிடும்.

அந்த வருஷம் தண்ணீர்த்தெள்ளு பெருகியது. எள்ளில் பாதி அளவுப் பூச்சி. துள்ளித் துள்ளி நீந்தி, தண்ணீரைச் சீப்பு வைத்து வாரியதுபோல் வாரி, அகப்பட்ட பாசியை எல்லாம் தின்றது. எருமை தவறுதலாய் விழுங்குவது வேறு, இது வேறு. தெள்ளு விடிந்ததும் உட்கார்ந்து பொழுதடையும் வரை தின்னும்.

"கொஞ்சம் இரக்கம் காட்டுங்கப்பா" என்று பாசி கெஞ்சியது.

"கோவிச்சுக்காதீங்க, நீங்க அம்புட்டு ருசியா இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுத் தெள்ளு அடுத்த வாய் அள்ளியது.

ஒரே மாதத்தில் கண்மாயின் பச்சை வெளுத்துப்போயிற்று. பேச்சுச் சத்தம் குறைந்தது. ஒருத்தி ஆரம்பித்ததை முடித்துவைக்க ஆள் இல்லை. கடைசியில் மிஞ்சியவர்கள் கூடிப் பேசி, அலையோடு அலையாகக் கரைக்கு ஒதுங்கினார்கள். கரை மண்ணுக்குள்ளே அவர்களுடைய தூரத்துச் சொந்தம் ஒருவர் இருந்தார். வெண்ணூலார் என்று பேர். பாசியைப் போலவே பொடி உயிர்தான். ஆனால் வெள்ளை நூலாக மண் முழுக்கப் படர்ந்து, பகலும் இரவும் எதையாவது காய்ச்சிக்கொண்டே இருப்பார். புண்ணை ஆற்றும் சரக்கு, பூஞ்சணத்தை விரட்டும் சரக்கு, எதிரியைச் சாய்க்கும் சரக்கு, எல்லாம் அவரிடம் உண்டு.

"சித்தப்பு, எங்களுக்கு விஷம் வேணும்."

வெண்ணூலார் உடனே கொடுத்துவிடவில்லை. "விஷத்தைக் கையில வச்சுக்க முடியாது புள்ளைகளா. உங்களுக்குத்தான் கையே இல்லையே. உடம்புக்குள்ள வச்சுக்கணும். ஒரு தடவை காய்ச்சப் படிச்சுட்டா மறக்க முடியாது. உங்களுக்குப் பொறக்குறதும் படிச்சுக்கிட்டேதான் பொறக்கும்."

"நாங்க எதுக்கு மறக்கணும்?"

"அதுக்கு ஆள் தெரியாது. வாய்க்குள்ள போனா, அது யாரு வாய்னு கேக்காது."

"எங்களைத் திங்கிறது தெள்ளு மட்டும்தான சித்தப்பு" என்றார்கள் அத்தனை பேரும் ஒரே குரலில். எப்போதும் மறுத்துப் பேசும் அந்த இரண்டொருவரையும் தெள்ளு ஏற்கெனவே தின்றிருந்தது.

அவர்கள் விஷம் காய்ச்சப் படித்தார்கள்.

மறுநாள் முதல் வாய் அள்ளிய தெள்ளு துள்ளவில்லை. இரண்டாம் நாள் மற்றவை ஒதுங்கின. பத்தே நாளில் கண்மாய் மறுபடி பச்சையானது. இரைச்சலும் திரும்பியது. கோணக்கொம்பி நான்கு நாளாக அந்தப் பக்கம் வரவில்லை, கன்று ஈன்றிருந்தது. பெண் கன்று. மையைக் குழைத்துப் பூசியதுபோல் கறுப்பு. ராக்கு அதற்கு மையி என்று பேர் வைத்து, தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டாள். அவளுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்தத் தொழுவம்தான் குடும்பம்.

ஆடி மாதம் மேற்கிலிருந்து மேல்காற்று அடித்தது. கண்மாயின் கிழக்குக் கரையில்தான் மர நிழல். அதனால் ஆடியில் எல்லாரும் மாட்டை அங்கேதான் தண்ணீருக்கு விடுவார்கள். மேல்காற்று கண்மாய்ப் பாசியை எல்லாம் தள்ளிக்கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதே கிழக்குக் கரைதான். இத்தனை காலமும் அதில் ஒரு தவறும் நடந்ததில்லை. பாசி விஷம் படித்த பிறகும், அது கண்மாய் முழுக்கப் பரவிக் கிடந்தவரை ஒரு வாய்த் தண்ணீர் பெரிய மாட்டை ஒன்றும் செய்யவில்லை. மூன்று மாதக் கன்றாகிவிட்ட மையி, அன்று முதன்முதலாகப் பாலை விட்டுத் தண்ணீரில் வாய் வைத்தது. தாய்க்கு முன்னால் ஓடிப்போய், பச்சை ஏடு மொத்தமாய்க் கட்டியிருந்த இடத்தில் ஆசையாகக் குடித்தது.

பாசியில் ஒருத்திதான் முதலில் புரிந்துகொண்டாள். "ஏய், வேண்டாம், வேண்டாம்!" என்று கத்தினாள். மற்றவர்கள் புதுக் கன்றைப் பார்த்த சந்தோஷத்தில் போட்ட சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

நிழலுக்குத் திரும்பி நடக்கும்போதே மையியின் முன்னங்கால் மடங்கியது. பிறகு பின்னங்கால். வாயில் நுரை தள்ளியது. கோணக்கொம்பி கழுத்தை நீட்டி ஒரு சத்தம் போட்டது. கண்மாயில் கிளம்பிய குமிழெல்லாம் அடங்கின.

ராக்கு ஓடிவந்தாள். "எஞ்சாமி, என்னத்தத் தின்ன? என்னடி செஞ்ச?" அடுப்புக் கரியை நுணுக்கி, வீட்டில் முன்பே மொண்டு வைத்திருந்த பானைத் தண்ணீரில் கரைத்து, மூங்கில் குழாயால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். கன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "கண்ணத் தொறந்துரு, ஒன்னைய ஒரு வேலையும் வாங்கமாட்டேன், சும்மா தின்னுட்டுக் கிடடி" என்று பேசிக்கொண்டே இருந்தாள்.

கோணக்கொம்பி தண்ணீர் ஓரத்துக்கு வந்து நின்றது. உள்ளே இறங்கவில்லை.

"யாரு செஞ்சது?"

பாசிக்கு வாய் இல்லாதவர்கள்போல் இருந்துவிட வழியிருந்தது. தெள்ளின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். அது யாருக்கும் தெரியப்போவதும் இல்லை.

"நாங்கதான் மதினி" என்றார்கள்.

"எம்புள்ள பொழைச்சாலும் சரி, போனாலும் சரி, இனி இந்தத் தண்ணியில வாய் வைக்கமாட்டேன்" என்று சொல்லி எருமை திரும்பியது. சுற்று வட்டாரத்தில் வேறு தண்ணீரே கிடையாது என்பது அதற்கும் தெரியும், பாசிக்கும் தெரியும்.

பாசி மறுபடி கரை ஒதுங்கியது. "சித்தப்பு, விஷத்தை எடுத்துருங்க. தெள்ளு தின்னா தின்னுட்டுப் போகுது."

"முதல்லயே சொன்னேன்ல. கத்துக்கிட்டது போகாது."

"அப்ப மதினிக்கு நாங்க எங்க இருக்கோம்னு தெரியணும். தூரத்துலயே தெரியணும். கண்ணு தெரியாத கன்னுக்குக்கூடத் தெரியணும். அதுக்கு ஒரு சரக்குக் குடுங்க."

வெண்ணூலார் யோசித்தார். அவரிடம் தனக்கென்று வைத்திருந்த சரக்கு ஒன்றுதான் இருந்தது: வாசனை. மழை விழுந்ததும் மண்ணிலிருந்து கிளம்புகிற அந்த வாசனை அவர் காய்ச்சுவதுதான். அதை முகர்ந்து துள்ளிவரும் சின்னப் பூச்சிகள் அவருடைய விதைகளை உடம்பில் ஒட்டிக்கொண்டு நாலா பக்கமும் சுமந்துபோகும். அவருடைய வம்சமே அந்த வாசனையால்தான் நடந்தது.

"இதைக் குடுத்தா உங்க சாப்பாட்டுல ஒரு பங்கு இதுக்கே போகும். மெலிஞ்சுபோவீங்க. ஒளிஞ்சு வாழவும் முடியாது. வேண்டாதவனுக்கும் உங்க இடம் தெரிஞ்சுபோகும்."

"தெரியட்டும்."

"முன்ன மாதிரி ஒரே குரலா சொல்றீங்களே. மறுக்க ஆள் இல்லையா?"

"இருக்காளுக" என்றது பாசி. "ராத்திரி பூராச் சண்டை போட்டோம். இப்ப மறுக்குறவளுக்கும் இதுதான் சம்மதம்."

வெண்ணூலார் வாசனையைக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலையில் மையி கண் திறந்தது. நான்காம் நாள் நான்கு காலிலும் நின்றது. நின்ற சுருக்கில் விழுந்தது, திரும்ப எழுந்தது. ராக்கு சிரித்துக்கொண்டே அழுதாள். ஆனால் கன்றுக்குப் புகட்டியே பானைத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கோணக்கொம்பி நான்கு நாளாக ஒரு வாய்கூடக் குடிக்காமல் மடி வற்றிப்போயிருந்தது. தாய்க்குத் தண்ணீர் இல்லையென்றால் கன்றுக்குப் பால் இல்லை. பிழைத்த கன்று பசியால் போய்விடும். ராக்குவுக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டையும் கண்மாய்க்கு ஓட்டிவந்தாள்.

கோணக்கொம்பி கன்றைத் தன் உடம்பால் மறித்துக்கொண்டு, கரையில் தலையைத் தாழ்த்தியது. மூக்குக்கு ஒரு வாசனை வந்தது. மழையே இல்லாத ஆடி மாதத்தில், தண்ணீருக்குள்ளிருந்து புதுமழை மண்ணின் வாசனை.

"என்ன இது?"

"நாங்கதான் மதினி, இங்க இருக்கோம்" என்றது பாசி, மெலிந்த குரலில். "இந்த வாசனை வந்தா நாங்க நிக்கிறோம்னு அர்த்தம். நகர்ந்துக்குவோம். ஆனா எங்களுக்குக் காலு இல்ல. நீதான் ஊதணும்."

"ஊதியும் வாசனை போகலைன்னா?"

"நிழலைப் பாக்காத. காத்து எங்கருந்து வருதோ அந்தக் கரைக்குப் போ. அங்க நாங்க இருக்கமாட்டோம்."

எருமை மூக்கைத் தண்ணீருக்கு மேலே வைத்து ஒரு முறை ஊதியது. பச்சை ஏடு திரைச்சீலைபோல் விலகியது. மறுபடி முகர்ந்தது. வாசனை போகவில்லை. கன்றைத் தள்ளிக்கொண்டு, நிழலே இல்லாத மேற்குக் கரைக்கு வெயிலில் சுற்றி நடந்தது. பாசியின் பேச்சு மனுஷர் காதுக்கு எட்டாது; ராக்கு ஒன்றும் புரியாமல், ஆனால் தடுக்காமல், பின்னாலேயே போனாள்.

அங்கே கோணக்கொம்பி முகர்ந்தது. ஊதியது. மறுபடி முகர்ந்தது. வெறும் தண்ணீர். முதலில் தான் குடித்தது. ஒரு வாய் குடித்துவிட்டு நின்றது. உச்சியில் இருந்த வெயில் சாயும் வரை அசையாமல் நின்றது. தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் கன்றுக்கு வழி விட்டது. மையி தாயைப் போலவே மூக்கை வைத்து, சின்னதாக ஒரு ஊது ஊதி, குடிக்க ஆரம்பித்தது.

கண்மாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஆரவாரம். "குடிக்குதுடி! குடிக்குது!" "எனக்குத் தெரியலையே, நகருடி." "அழுகாதடி, தண்ணி உப்பாயிரும்."

கோணக்கொம்பி தலையைத் தூக்கி அந்தத் திசையைப் பார்த்தது. "நாளைக்கு வந்து புரள்றேன், கத்தாதீங்க" என்றது. கிழக்குக் கரையில் குமிழ் குமிழாகக் கிளம்பியது.

அன்று முதல்தான், எந்த எருமையும் தண்ணீரில் வாய் வைக்கும் முன்னால் மூக்கை வைத்து, நின்று, ஒரு பெருமூச்சு ஊதிவிட்டுக் குடிக்கிறது. மந்தம் என்று நாம் கோலை ஓங்கும் அந்த நேரத்தில், அது நீலப்பாசி மதினிமாரிடம் வழி கேட்டுக்கொண்டிருக்கிறது.