விட்ட கூட்டில் பஞ்சு ஏது?

ஓர் ஏரி. ஏரிக்கரை நெடுக வேலமரங்கள். அந்த மரங்களில் தண்ணீருக்கு மேலே தூக்கணாங்குருவிகளின் கூடுகள் தொங்கும். காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து ஆடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நான் சொல்ல வந்தது அந்த அழகை இல்லை, அங்கே நடந்த அநியாயத்தை. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

தூக்கணாங்குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவி ஓலையிலும் புல்லிலும் நார் கிழித்து வந்து பாதிக் கூடு பின்னும். பிறகு இறக்கையை அடித்துக்கொண்டு பெண் குருவியைக் கூப்பிடும். பெண் வந்து உள்ளே நுழைந்து பார்க்கும், நாரை இழுத்துப் பார்க்கும். பிடிக்காவிட்டால் ஒரு வார்த்தை பேசாமல் பறந்துவிடும். ஆணும் அந்தப் பாதிக் கூட்டை அப்படியே விட்டுவிட்டு வேறு கூடு பின்னப் போய்விடும். பிடித்துப்போனால் மட்டும்தான் கூடு முழுசாகும். பெண் குருவி இலவம்பஞ்சு தேடிக் கொண்டுவந்து உள்ளே மெத்தை போடும். அந்தப் பஞ்சில்தான் முட்டை இடும். இந்த ஏரியில் பிறந்த எந்தக் குருவிக்கும் இது தெரியும்.

அங்கே நாவல்மரத்தடியில் தேனப்பன் என்ற மைனா ஒரு கடை போட்டிருந்தான். பழைய கூட்டுச் சாமான் கடை. நார் ஒரு குவியல், கூட்டுக்குள் ஒட்டும் களிமண் உருண்டை ஒரு குவியல், பஞ்சு ஒரு குவியல். முழுக் கூடாக ஒன்றும் இருக்காது. எல்லாம் பிரித்துப் போட்டது. எது யாருடையது என்று பின்னியவனே வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

கேட்டால் தேனப்பன் குழைந்து பேசுவான். எல்லாமே பெண்கள் வேண்டாமென்று விட்ட கூடுகளாம். சும்மா தொங்கி மழையில் அழுகிப் போகிறதாம். அதைப் பிரித்து எடுத்து வந்து, நாலு பேருக்கு உதவியாக இருக்கட்டுமே என்று விற்கிறானாம். நாலு நெல்மணி கொண்டுபோய்க் கொடுத்தால் அலகு நிறைய நார் கிடைக்கும். வயலுக்கும் மரத்துக்கும் அலைந்து நார் கிழிப்பது எவ்வளவு பாடு! அதனால் எல்லோரும் தேனப்பனிடமே வாங்கினார்கள். எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அந்தக் கடையில் மரியாதை.

சாமான் கொண்டுவந்து போட்டது யார் தெரியுமா? கரிமூக்கன் என்ற காக்கையும் அவன் ஆட்களும். விடியும் நேரத்தில் கூட்டமாக வருவார்கள். தாய்க்குருவி இரைக்குப் போயிருக்கும். ஒருவன் கூட்டை அறுப்பான், ஒருவன் முட்டையைக் குடிப்பான், மற்றவர்கள் நாரைப் பிரிப்பார்கள். தாய் திரும்பி வரும்போது வெறும் கொம்புதான் இருக்கும். அவள் அலறினால் அக்கம்பக்கத்தார் வந்து, காற்றில் அறுந்து விழுந்திருக்கும் என்று ஆறுதல் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் பஞ்சு வாங்கப் போவார்கள். இவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

ஏரிக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். பெரும்பையார் என்ற கூழைக்கடா. அலகுக்குக் கீழே பெரிய பை. யாராவது முறையிடப் போனால் தலையை மட்டும் ஆட்டுவார், வாயைத் திறக்க மாட்டார். வாயில் கொழுக்கட்டையா என்று கேட்டுவிடாதீர்கள். கொழுக்கட்டை இல்லை, மீன். காக்கைகள் நாள் தவறாமல் கொண்டுவந்து கொட்டிய மீன்.

நன்றாக ஓடும் தொழிலுக்குப் போட்டி வராமல் இருக்குமா? சாம்பலன் என்ற கீரி தன் ஆட்களோடு வந்து இறங்கினான். கிழக்குக்கரைக் கூடுகள் எல்லாம் இனி எங்களுக்கு என்றான். பட்டப்பகலில் கடை வாசலிலேயே காக்கைகளுக்கும் கீரிகளுக்கும் வெட்டுக்குத்து ஆனது. நடுவில் மாட்டிக்கொண்டு ஒரு தையல்சிட்டு செத்துப்போனது. அது எந்தப் பக்கமும் சேராதது. புழு பொறுக்க வந்தது, பாவம். மறுநாள் கடை திறந்ததும் குருவிகள் எதைப் பற்றிக் கவலைப்பட்டன என்று நினைக்கிறீர்கள்? சண்டையால் நார் விலை ஏறிவிட்டதே என்றுதான்! செத்ததைப் பற்றி மூச்சு இல்லை.

அந்தக் கரையில் நாரப்பன் என்ற தூக்கணாங்குருவியும் அவன் மனைவி தவிடியும் இருந்தார்கள். தவிடி வேறொரு ஏரியில் பிறந்தவள். இந்தக் கடைச் சமாசாரம் அவளுக்குத் தெரியாது. நாரப்பன் பாதி நாரைக் கடையில் வாங்கித்தான் கூடு பின்னினான். அதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குக் கூடு பிடித்துப்போயிற்று. தானே அலைந்து பஞ்சு கொண்டுவந்து மெத்தை போட்டாள். மூன்று முட்டை இட்டாள். அவளுக்கு அதுதான் முதல் ஈடு. அடைகாக்க உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மனசு வராது அவளுக்கு.

அதே மரத்தின் உச்சியில் இரட்டைவாலர் என்ற கரிச்சான் இருந்தார். ஆள் சின்ன உருவம்தான். ஆனால் பருந்தையே விரட்டுவார். அவர் இருக்கும் மரத்தைக் காக்கைகள் தொடமாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் தவிடி இரைக்குப் போய் வந்தாள்.

ஒருநாள் கரிமூக்கனின் ஆட்கள் பக்கத்து மரத்துக் கூட்டை அறுப்பதை இரட்டைவாலர் கண்ணால் பார்த்துவிட்டார். துரத்திக்கொண்டே போனார். அது நேராகக் கடையில் போய் முடிந்தது. கடையில் அப்போது நல்ல கூட்டம். எல்லோர் முன்னிலையிலும் அவர் சொன்னார்:

"காக்கா திருடுது, கீரி திருடுது, அதெல்லாம் சரி. யாருக்காகத் திருடுது? உங்களுக்காகத்தானே? நீங்க வாங்குறதை நிறுத்துற வரைக்கும் நான் ஒருத்தன் காவல் காத்து என்ன பிரயோசனம்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். ரொம்ப நியாயமான பேச்சு என்றார்கள். அவர் போனதும் அவரவர் பஞ்சை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

அதுவரை ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிய காக்கையும் கீரியும் அன்றைக்கு ஒன்று சேர்ந்தார்கள். கடை மூடினால் இரண்டு பேர் பிழைப்பும் போய்விடும் அல்லவா? மறுநாள் விடிந்தபோது இரட்டைவாலர் மரத்தடியில் செத்துக் கிடந்தார். அவருடைய நீண்ட வால் இறகுகள் இரண்டையும் பிடுங்கி, கடைக்கு முன்னால் தொங்கவிட்டிருந்தார்கள். வாய் திறந்தால் இதுதான் கதி என்று எல்லோருக்கும் புரிய வேண்டுமாம். எல்லோருக்கும் புரிந்தது. அந்த இறகுகளுக்குக் கீழே நின்றுகொண்டுதான் அன்றைக்கும் பேரம் பேசினார்கள். ஈவிரக்கம் என்பது மருந்துக்கும் இல்லை.

தவிடிக்கு அன்று முதல் இரைக்குப் போகவே பயம். மூன்று முட்டையையும் எடுத்துக்கொண்டு எங்கே போவது? யாரையாவது கூட்டிக்கொண்டு போய்த் தலைவரிடம் சொல்லலாம் என்றாள். நாரப்பன் அவள் வாயை அடக்கினான். நமக்கு எதற்கு வம்பு என்றான். அவளைச் சமாதானப்படுத்த வேண்டுமே என்று கடைக்குப் போய், முட்டைக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று கொஞ்சம் பஞ்சு வாங்கி வந்தான்.

தவிடி அதை அலகால் கோதிப் பார்த்தாள். பஞ்சுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டு ஏதோ இருந்தது. குஞ்சின் பூமயிர். பொரித்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சு.

"இந்தப் பஞ்சு எங்க கிடைச்சுது?"

"தேனப்பன் கடையில. வேண்டாம்னு விட்ட கூட்டுப் பஞ்சு."

"விட்ட கூட்டுல பஞ்சு ஏதுங்க?" என்றாள் தவிடி. "பிடிச்சுப்போய் உள்ள வந்தவதானே பஞ்சு வைப்பா? இது உங்களுக்குத் தெரியாதா?"

 நாரப்பனுக்குத் தெரியாமல் என்ன? கரையிலே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பஞ்சு வைத்த கூடு என்றால் குடி இருக்கும் கூடு. ஒருவரும் ஏமாறவில்லை. ஏமாந்த மாதிரி நடித்தார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் தவிடி எல்லோரையும் கூப்பிட்டாள். முட்டையைப் பார்த்துக்கொள்ளும்படி நாரப்பனிடம் சொல்லிவிட்டுப் போனாள். நடு மரத்தில் கூட்டம் கூடியது. அவள் அந்தப் பூமயிரைக் காட்டி, இது யார் வீட்டுக் குஞ்சு என்று கேட்டாள். உடனே ஆளுக்கு ஒரு சமாதானம் சொன்னார்கள். தான் ஒருத்தன் வாங்காவிட்டால் கடை மூடிவிடுமா என்றான் ஒருவன். நான் நார் மட்டும்தான் வாங்குகிறேன், பஞ்சைத் தொடுவதே இல்லை என்றான் இன்னொருவன். மழைக்காலம் வந்துவிட்டது, இப்போது போய் நியாயம் பேசிக்கொண்டிருந்தால் கூடு எப்படி முடிப்பது என்று ஒருத்தி அலுத்துக்கொண்டாள்.

கூட்டத்தின் கடைசியில் ஓர் இலை மறைவில் நாரப்பன் உட்கார்ந்திருந்தான். முட்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன்தான். தான் கடையில் பஞ்சு வாங்கியதைப் பற்றி மனைவி நாலு பேர் முன்னால் என்ன சொல்லப்போகிறாளோ என்று கேட்க வந்துவிட்டான். தவிடி அவனைப் பார்த்தாள். பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டுப் பறந்தாள்.

கொம்புதான் இருந்தது. அதில் ஒரு முழ நார் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் அலறவில்லை. யாராவது வந்து, காற்றில் அறுந்தது என்று சொல்லட்டும் என்றும் காத்திருக்கவில்லை. நேராக நாவல்மரத்தடிக்குப் போனாள். பஞ்சுக் குவியலின் மேல் புதுப் பஞ்சு கிடந்தது. தேனப்பன் அவளை யாரென்று அறியாமல், காலையில்தான் வந்த சரக்கு, விட்ட கூட்டுப் பஞ்சு என்று ஆரம்பித்தான். தவிடி அந்தக் குவியலின் மேல் ஏறினாள். இறக்கையை லேசாக விரித்தாள். அடைகாக்க உட்காருவது போல உட்கார்ந்துவிட்டாள்.

குருவிகள் வழக்கம்போல நெல்மணியோடு வந்தன. ஆமாம், அப்போதும் வந்தன! வந்து பார்த்தால் பஞ்சின் மேல் தவிடி. கொஞ்சம் நகர்ந்துகொள்ளம்மா என்றான் ஒருவன்.

"எடுத்துக்கோங்கண்ணே" என்றாள் அவள். "நான் தடுக்கல. என் முகத்தைப் பார்த்து எடுத்துக்கோங்க."

அவன் அலகை நீட்டினான். அவள் முகத்தைப் பார்த்தான். நெல்மணியைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டான். அடுத்தவள் வந்தாள். அவளாலும் முடியவில்லை. நார் மட்டும் வாங்குகிறவன் நாரைக்கூட வாங்காமல் திரும்பினான். நாரப்பன் வந்து எதிரே நின்று மன்னிப்புக் கேட்டு அழுதான். தவிடி அவனோடு பேசவில்லை. அவன் கடை வாசலிலேயே நின்று, வருகிறவர்களிடமெல்லாம் தானும் வாங்கியவன் என்று சொல்லத் தொடங்கினான். அதைக் கேட்டபின் யாருக்கும் உள்ளே போகக் கால் வரவில்லை.

தவிடி எழுந்திருக்கவே இல்லை; நாலைந்து நாளில் வியாபாரம் படுத்துவிட்டது. காக்கைகளும் கீரிகளும் பங்கு கேட்டு வந்தார்கள். கொடுக்கத் தேனப்பனிடம் ஒரு மணி நெல் இல்லை. தவிடியைத் தொட்டால் இனி ஒரு குருவியும் கடைப்பக்கம் வராது என்று அவளை விட்டுவிட்டு அவனைப் பிடித்தார்கள். நான் வெறும் கடைக்காரன்தானே, என்னை ஏன் அடிக்கிறீர்கள் என்று கெஞ்சினான். அவர்கள் அவன் இறகை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். பாதி மொட்டையாகத் தலைவரிடம் ஓடினான். வியாபாரம் நின்றதோடு மீனும் நின்றிருந்தது. பெரும்பையாரின் வாய் அன்றைக்குக் காலியாக இருந்ததால் அவர் முதல்முறையாக வாய் திறந்து பேசினார்.

"கடையா? எந்தக் கடை?" என்றார்.

வாங்க ஆள் இல்லாத ஊரில் திருடனுக்கு என்ன வேலை? கரிமூக்கனும் சாம்பலனும் தங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேறு ஏரியைத் தேடிப் போய்விட்டார்கள். தையல்சிட்டுக்காகவும் இரட்டைவாலருக்காகவும் ஒருவரும் தண்டனை அனுபவிக்கவில்லை. அதுதான் என் ஆற்றாமை.

கடை காலியானபின் குருவிகள் வந்து தவிடியை எழுந்திருக்கச் சொல்லிக் கெஞ்சின. எல்லாம் முடிந்துவிட்டது, அவள் ஜெயித்துவிட்டாள் என்றன. தவிடி மெல்ல எழுந்தாள். குனிந்து பஞ்சை விலக்கிப் பார்த்தாள். அடியில் முட்டை இல்லை.

திருட்டுப் பொருள் என்று தெரிந்தே மலிவாக வாங்குகிறவன், திருடனுக்குக் கூலி கொடுத்து அவனை அடுத்த வீட்டுக்கு அனுப்பி வைக்கிறான்.