திருப்பாத மீட்டர்

பூங்கோதை டீச்சரை அவருடைய காரின் மீட்டர் கடைசியாக உயிரோடு பார்த்தது, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வாகைமரத்து நிழலில் கார் நின்றபோது. அன்றும் அவரேதான் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். இன்ஜினை அணைத்தார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சாவியை உருவி, இடப்பக்கம் உட்கார்ந்திருந்த கணவர் மாரப்பனின் உள்ளங்கையில் வைத்தார்.

"பத்திரமா வெச்சிருங்க. ரெண்டு நாள்ல நானே வந்து எடுத்துக்கறேன்."

"நான் எங்க எடுத்து ஓட்டப் போறேன்? பயப்படாத" என்றார் மாரப்பன்.

டீச்சர் சிரித்தார். மாரப்பனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. வாங்கிய புதிதில் ஒருமுறை முயன்று பார்த்து, வீட்டுக் கேட்டிலேயே கொண்டுபோய் இடித்தார். இடது கதவில் அந்தக் குழி இன்னும் இருந்தது. சிரித்தபடியே டீச்சர் இறங்கி உள்ளே போனார். திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் காரை வீட்டுக்கு ஓட்டிவந்து விட்டார்.

ஒரு காருக்குள் எல்லோருக்கும் எல்லாம் தெரிவதில்லை. சீட்டுக்கு ஓட்டுகிறவரின் முதுகு தெரியும். ஸ்டியரிங்குக்குக் கை தெரியும். டிக்கிக்குள் கிடக்கும் ஸ்டெப்னிக்கு இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. முகத்தைப் பார்த்தபடி இருப்பது மீட்டர் ஒன்றுதான். அந்தச் சந்தன நிறக் காரின் மீட்டர் பழைய மாதிரி. சின்னச் சின்ன எண்சக்கரங்கள் மெல்லப் புரண்டு, ஓடிய கிலோமீட்டரைக் காட்டும்.

டீச்சருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வண்டியை எடுக்குமுன் விரல் முட்டியால் மீட்டர் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டி, "என்ன, போலாமா?" என்பார். தன்னைத்தான் கேட்கிறார் என்று மீட்டர் நம்பியது.

"அட போப்பா. அது வூட்டுக்காரரைக் கேக்கறது" என்று சீட் கிண்டல் செய்யும்.

"வூட்டுக்காரரைக் கேக்கறதா இருந்தா 'போலாங்களா'ன்னு கேப்பாங்க. எத்தனை வருசமா கேட்டுட்டு இருக்கறே, இதுகூடத் தெரியலையா?" என்று மீட்டர் சொல்லும்.



டீச்சர் போனபிறகு கார் வீட்டுக் கூரைக்கொட்டகையில் நின்றது. மாரப்பன் தினமும் அதைத் துடைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் உள்ளே ஏறி, இடப்பக்கம் இருந்தபடியே கையை நீட்டிச் சாவியைத் திருகி இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார். இன்ஜின் உறுமும். சக்கரம் சுழலாது. மீட்டர் நகராது. ஓட்டாமல் துடைத்து வைத்திருந்தால் வண்டி கெடாது, விலையும் குறையாது என்பது அவர் எண்ணம். ரேடியோ பழுது பார்த்துப் பிழைத்தவர் அவர். அலமாரியில் வைத்த ரேடியோவைப் போலக் காரையும் வைத்திருந்தார்.

ஒருநாள் குனிந்து துடைத்தபோது, டயர்கள் தரையைத் தொட்ட இடத்தில் சப்பையாகி இருந்ததைப் பார்த்தார். எலி ஒன்று ஒயரைக் கடித்துத் துப்பியிருந்தது.

"உன்னை நிக்க வெச்சே கொன்னுபோடுவேன் போல" என்று காரிடம் சொன்னார்.

மறுநாள், பழைய கார் வாங்கி விற்றுக் கொடுக்கும் தரகர் ரங்கராசு வந்தார்.

ரங்கராசு வண்டியை மூன்று சுற்றுச் சுற்றினார். கதவுகளை விரலால் தட்டிப் பார்த்தார். கணீரென்று சத்தம் வந்தது. "பட்டி பூசி மறைக்காத பாடி. கம்பெனி பெயிண்ட். ஒரே கை ஓட்டுன வண்டி. எல்லாம் சரி" என்றார். இடது கதவுக் குழியைத் தடவி, "இது ஆரு வேலைங்க?" என்றார்.

"நம்ம வேலைதானுங்க."

"நல்லவேளை, ஒருதடவையோட நிறுத்திக்கிட்டீங்க." ரங்கராசு உள்ளே தலையை நீட்டினார். முகம் மாறியது. பேனாவால் மீட்டர் கண்ணாடியைத் தட்டினார். "எண்பத்தோராயிரமா! இதுதானுங்க கெடுக்குது."

"ஓடின வண்டிதானுங்களே."

"ஓடினது ஓடட்டும். அதைக் காட்டோணுமா? வாங்க வர்றவன் வண்டியப் பாக்கமாட்டான். மொதல்ல இங்க குனிஞ்சு நெம்பரைப் பாப்பான். நம்மகிட்ட ஒரு ஆளு இருக்கறாரு. மீட்டரைக் கழட்டி, நாப்பதாயிரத்துல கொண்டாந்து நிறுத்திருவாரு. நீங்க ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள வேலை முடிஞ்சுரும். வெலை ஏறும், நல்ல குடும்பமாப் பாத்துக் குடுத்தர்லாம். இல்லைன்னா, நெசத்தைச் சொல்றனுங்க, காயலான்கடைக்காரந்தான் வருவான். பிரிச்சு எடைக்குப் போட்டுருவான்."

மாரப்பன் கதவுக் குழியைத் துணியால் துடைத்தார்.

"யோசிச்சு வையுங்க. காலைல ஆளோட வர்றேன்" என்று சொல்லிவிட்டு ரங்கராசு போனார்.

அவர் தலை மறைந்ததும் ஹாரன்தான் முதலில் வாயைத் திறந்தது.

"கேட்டீங்களா? எடைக்குப் போடுவாங்களாமா! எல்லாம் இந்த ஒருத்தனால."

"நான் என்ன பண்ணுனேன்?" என்றது மீட்டர்.

"ஒண்ணு விடாம எண்ணுனியே, அது பத்தாதா? அப்பப்பக் கொஞ்சம் கண்ணை மூடியிருந்தா என்ன கொறைஞ்சு போயிருக்கும்?"

"சக்கரம் சுத்துச்சு. எண்ணுனேன்."

டிக்கிக்குள்ளிருந்து ஸ்டெப்னி குரல் கொடுத்தது. "என்னைப் பாத்து நடந்துக்கோணும். ஒரு கிலோமீட்டர்கூட ஓடுனதில்லை. மண்ணு படலை, முள்ளு குத்தலை. இன்னிக்கும் புதுசு. வர்றவன் என்னைப் பாத்தாலே வெலை கேக்காம வாங்கிருவான்."

"நீ கம்முனு கெட" என்றது சீட். பிறகு மீட்டரிடம் குரலைத் தாழ்த்தியது. "இங்க பாரு. உங்கிட்ட எண்பதுக்கு மேல இருக்குது. அதுல பாதியக் குடுத்துரு. மீதி உனக்குத்தான். எல்லாரும் பொழைச்சுக்கலாம்."

"எந்தப் பாதியை?"

"எதுவா இருந்தா என்ன?"

மீட்டருக்கு அப்படி இல்லை. பின்னோக்கித் திருப்பினால் கடைசியில் ஓடியதுதான் முதலில் அழியும். ஆட்டோக்காரர் ஓட்டிய வழி போகும். ஆஸ்பத்திரிக்குப் போன வழி போகும். போகட்டும், அதில் வருத்தமில்லை. ஆனால் அதோடு நிற்காது. டீச்சர் பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற அன்று, மடி நிறைய மாலைகளை வைத்துக்கொண்டு ஓட்டிவந்த வழி போகும். அதற்கும் முன்னால் திம்பம் மலை. கொண்டை ஊசி வளைவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பயத்தை மறைக்க மாரப்பன் பாட ஆரம்பித்தார். அந்தப் பாட்டைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் டீச்சர் கிளட்சை விட்டுவிட, வண்டி நடுவளைவில் நின்றுபோனது. பின்னால் வந்த லாரிக்காரர் திட்டத் திட்ட இருவரும் சிரித்தார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அந்த முகத்தை மீட்டர் பார்த்தது. அதுவும் போகும்.

இந்தப் பக்கம் பார்த்தால் சீட், ஹாரன், ஸ்டெப்னி, குழி விழுந்த கதவு. எல்லோரும் கூடவே வந்தவர்கள். எடைக்குப் போனால் அத்தனை பேரும் போவார்கள்.

"சரி. திருப்பட்டும்" என்றது மீட்டர்.

"அப்படிச் சொல்லு!" என்றது ஹாரன்.

காலையில் ரங்கராசு ஒரு நடுவயது ஆளோடு வந்தார். மாரப்பன் அதற்கு முன்பே காருக்குள் வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த ஆள் ஓட்டுநர் பக்கம் மண்டியிட்டு, திருப்புளியை எடுத்து முதல் ஸ்க்ரூவில் வைத்தார். மீட்டர் தன் எண்களை ஒருமுறை பார்த்துக்கொண்டது.

"கொஞ்சம் இருங்க" என்றார் மாரப்பன்.

திருப்புளி நின்றது.

"இதுல நான் ஓட்டுனது கேட்டு வரைக்கும் ஒரு பத்தடி இருக்கும். மத்தது பூராம் அவ ஓட்டுனது."

ஆட்டோக்காரர் ஓட்டிய கொஞ்ச தூரமும் இருக்கிறது என்பது மீட்டருக்குத் தெரியும். அது வாயைத் திறக்கவில்லை.

"அதுக்கென்னங்க இப்ப?" என்றார் ரங்கராசு.

"நீங்க பாதியை அழிக்கோணும்ங்கறீங்க. அவ ஓட்டுனதை ஓட்டவே இல்லைன்னு நான் எப்படீங்க சொல்றது?"

"அண்ணா, இது வெறும் நெம்பரு."

"உங்களுக்கு நெம்பருங்க."

"வெலை எறங்கிப் போயிரும்."

"எறங்கட்டும்."

ரங்கராசு தலையிலடித்துக்கொண்டார். "அப்ப 'டீச்சரம்மா ஓட்டுனது'ன்னு ஒரு போர்டு எழுதித் தொங்கவிட்டு நீங்களே வித்துக்குங்க. காலங்காத்தால ஆளைக் கூட்டிட்டு வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லோணும்."

திருப்புளி பைக்குள் போயிற்று.

"முடிஞ்சுது. இனித் தராசுதான்" என்று ஹாரன் முனகியது. மீட்டருக்குத் தலைகுனிவாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று அதற்கு எண்ணத் தெரியவில்லை.

அப்போது கேட்டருகே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. மாரப்பன் காரிலிருந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றியபடி ஒரு பெண் உள்ளே வந்தாள். பெயர் ஸ்டெல்லா. மலையடிவாரத்து ஊர்களுக்குப் போய்வரும் நர்ஸ். மழையில் ஸ்கூட்டர் வழுக்கி இரண்டுமுறை விழுந்தபிறகு ஒரு பழைய கார் தேடிக்கொண்டிருந்தாள். மீட்டர் வேலை முடிந்திருக்கும் என்ற கணக்கில் ரங்கராசுதான் அவளை வரச்சொல்லியிருந்தார்.

அவள் நேராகக் குனிந்து மீட்டரைப் பார்த்தாள். "எண்பத்தோராயிரமா?"

"அது வந்துங்க சிஸ்டர்..." என்று ரங்கராசு முன்னால் வந்தார்.

"நெசமாவா?"

"நெசந்தானுங்க" என்றார் மாரப்பன். "கதவுல குழி இருக்குது, அது நான் பண்ணுனது. டயர் நின்னு நின்னு சப்பையாயிருச்சு, மாத்தோணும். எலி கடிச்ச ஒயரை நான் ஒட்டிவெச்சிருக்கறேன். ஸ்டெப்னி ஓடவே இல்லைங்க. ஆனா வெச்சபடியே கெடந்து ரப்பர் வெடிச்சுப்போச்சு. அதை நம்பிராதீங்க."

டிக்கிக்குள் சத்தமே இல்லை.

ஸ்டெல்லா ரங்கராசைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க காட்டுன வண்டி அத்தனையும் நாப்பதாயிரம். பத்து வருச வண்டியும் நாப்பது, இருவது வருச வண்டியும் நாப்பது. இந்த ஊர்க் காரு பூராம் ஒரே நாள்ல பொறந்து, ஒரே ரோட்டுல போயி, ஒண்ணாத் திரும்பி வந்த மாதிரி! எதை நம்பறதுன்னு தெரியாமத்தான் ஒண்ணும் வாங்கலை. இது என்ன ஓடுச்சுன்னு தெரியுது. தெரிஞ்சா பாத்துச் செலவு பண்ணிக்கலாம்."

ரங்கராசு மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "நான்தான் காலைலயே அண்ணங்கிட்டச் சொன்னேனுங்க, மீட்டர்ல கை வெக்கவேண்டாம்னு" என்றார்.

திருப்புளிக்காரர் இருமினார்.

விலை பேசினார்கள். ரங்கராசு முதலில் சொன்ன விலையைவிடக் குறைவு. காயலான்கடைக்காரர் தருவதைவிட மிக அதிகம். யாருக்கும் முகம் வாடவில்லை.

"ஒருதடவை ஓட்டிப் பாத்துக்கட்டுங்களா சார்?" என்று கேட்டு ஸ்டெல்லா ஏறி உட்கார்ந்தாள். டீச்சர் குள்ளம், இவள் நெட்டை. முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. "இந்தச் சீட்டைப் பின்னால தள்ளிக்கலாங்களா?"

வாங்கிய நாளிலிருந்து அந்தச் சீட் ஒரே இடத்தில்தான் இருந்தது. ஆட்டோக்காரர்கூட முட்டியை மடக்கிக்கொண்டுதான் ஓட்டிவந்தார். சீட் மூச்சை அடக்கிக்கொண்டது. மாரப்பன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தள்ளிக்குங்க" என்றார். "அடியில ஒரு கம்பி இருக்கும் பாருங்க. பலமா இழுக்கோணும்."

கிறீச்சென்று சீட் பின்னால் நகர்ந்தது. நகர்ந்தபிறகுதான் அதற்கு மூச்சு வந்தது.

"வலிச்சுதா?" என்றது மீட்டர்.

"நான் பயந்த அளவுக்கு இல்லை" என்றது சீட்.

மாரப்பன் சுற்றிவந்து இடப்பக்கம் ஏறினார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து ஸ்டெல்லாவின் உள்ளங்கையில் வைத்தார். இன்ஜின் உறுமியது. அவர் கையை நீட்டி, விரல் முட்டியால் மீட்டர் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினார்.

"என்ன, போலாமா?"

"போலாங்க சார்" என்றாள் ஸ்டெல்லா, தன்னைக் கேட்டதாக நினைத்து.

சீட் மீட்டரைக் கிண்டல் செய்யப் பார்த்தது. மீட்டருக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. சப்பை டயர்கள் தடதடவென்று அதிர, கார் கேட்டை இடிக்காமல் தாண்டியது. மீட்டரின் கடைசிச் சக்கரம் அசைந்து, புரண்டு, அடுத்த எண்ணுக்கு வந்தது.

அந்தக் கார் இப்போது கடம்பூர் மலைக்குப் போய்வருகிறது. டயர் நான்கும் புதிது, ஸ்டெப்னியும் புதிது. பழைய எண்பத்தோராயிரமும் அப்படியே அடியில் இருக்கிறது. ஸ்டெல்லா ஓட்டுவதெல்லாம் அதன்மேல்தான் ஏறுகிறது.