கஞ்சிக் கிடாரத்துக்கு மேலே

“ஆரை நம்பிறது சாமி, இந்தக் காலத்திலை?”

வெங்காய வியாபாரி அருளம்பலம் இப்படிக் கேட்டபோது சாமியார் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே, நிலத்தைக் காட்டி, “இரும்” என்றார்.

அருளம்பலம் இருக்கவில்லை. மாரி மழையில் நிலம் ஈரமாகக் கிடந்தது. வேட்டியோ வெள்ளை.

குருமார் மலையுச்சியில் இருப்பார்கள், இல்லாவிட்டால் ஆற்றங்கரையில் இருப்பார்கள் என்று நூல்கள் சொல்கின்றன. யாழ்ப்பாணத்தில் மலையும் கிடையாது, ஆறும் கிடையாது. ஆகவே எங்கள் சாமியார் கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் பின்னால், பிள்ளையார் கோயில் மடத்தில் இருந்தார்.

சிஷ்யன் குருவுக்கு இளையவனாக இருப்பது உத்தமம் என்பதும் நூல்களில் உண்டு. அருளம்பலத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. சாமியாருக்கு நாற்பது ஆகவில்லை. ஆனாலும் அவர் எல்லோரையும் ‘நீர்’ என்றுதான் சொல்வார்.

பிள்ளையாரையும்.

யுத்தம் அடுத்த ஊர்வரை வந்துவிட்ட வருடம் அது. மண்ணெண்ணெய் இல்லாமல், தண்ணீர் இறைக்கும் மெஷின்கள் சாக்குப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தன. சங்கக்கடையில் சவர்க்காரக் கட்டியை நூலால் அறுத்து விற்றார்கள். வீட்டுக்கு வீடு பங்கர் என்று பதுங்குகுழி வெட்டினார்கள். ஷெல் விழுந்து பல பேருடைய வெங்காயக் கொட்டில்கள் எரிந்துபோயின. ஊரில் மிஞ்சிய விதை வெங்காயம் அருளம்பலத்தின் கொட்டிலில் தொங்கியது மட்டும்தான்.

மழை விட்டுத் தை பிறந்ததும் அது மண்ணுக்குள் போக வேண்டும். போகாவிட்டால் அந்த வருடம் ஊரின் செம்மண் சும்மா கிடக்கும்.

அருளம்பலம் தன் பயங்களைச் சொன்னார். மேலே குண்டு போடும் பொம்மர் பயம். கீழே கள்ளர் பயம். இடம்பெயர்ந்து வந்த சனம் மடத்தில் நிறைந்துவிட்டது, பசித்த சனம். கொட்டிலைப் பிரிக்க முந்தி மச்சான்காரன்கூட அதன் கதவை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனானாம்.

“இப்ப பயமில்லை, சாமி. பத்திரமான இடத்திலை வைச்சிட்டன்.”

“எங்கை?”

“பங்கருக்குள்ளை.”

சாமியார் வாய் கொப்பளித்தார்.

“நல்ல இடம்” என்றார். “அப்ப நீரும் மனிசியும்?”

“நாங்கள் மாமரத்துக்குக் கீழை படுப்பம்.”

சாமியார் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். மந்திரம் ஏதாவது கிடைக்கும் என்று வந்த அருளம்பலத்துக்கு வேட்டிக் கரையில் கொப்பளித்த தண்ணீர்தான் கிடைத்தது.

•

பொம்மர் ஒரு மத்தியானம் வந்தது.

சாமியார் அப்போது அருளம்பலத்தின் வேலியோரம் பூப் பறித்துக்கொண்டிருந்தார். ஊரிலேயே உறுதியான பங்கர் அங்கேதான் இருந்தது. கொட்டிலைப் பிரித்து, அதன் கூரை வளைமரங்களையும் தகரங்களையும் போட்டு, மேலே மண்மூட்டை அடுக்கிக் கட்டியது.

மாமரத்தடியில் அருளம்பலமும் மனைவி சிவக்கொழுந்தும் குப்புறப் படுத்திருந்தார்கள். சிவக்கொழுந்தின் தலையை அவர் தன் சால்வையால் மூடியிருந்தார். குண்டுக்கு எதிராகச் சால்வை எந்த அளவுக்குப் பயன்படும் என்பது பற்றி நூல்களில் குறிப்பு இல்லை.

சாமியார் ஓடவில்லை. பங்கர் வாசலுக்குப் போய், குனிந்து, பிள்ளையாரிடம்கூடக் காட்டாத மரியாதையோடு உள்ளே பார்த்துக் கேட்டார்.

“கொஞ்சம் தள்ளி இருப்பியளோ?”

வெங்காயம் ஒன்றும் சொல்லவில்லை.

“சரி, பரவாயில்லை. நீங்கள் இருங்கோ.”

திரும்பி வந்து, பூக்கூடையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, அவர்களுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

குண்டு எங்கேயோ தூரத்தில் விழுந்தது. மாவிலைகளில் தங்கியிருந்த மழைநீர் மூன்று பேர் மேலும் கொட்டியது. சால்வைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாளாக்கும் என்று அருளம்பலம் சால்வையை விலக்கினார்.

சிவக்கொழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அருளம்பலம் சிரிக்கவில்லை.

சாமியார் எழுந்து உட்கார்ந்து மூக்கைச் சுளித்தார்.

“உள்ளுக்கிருக்கிற ஆக்களுக்குச் சுகமில்லைப் போலை கிடக்கு” என்றார்.

அந்த மணம் அருளம்பலத்துக்கும் வந்தது. வெங்காயத்தோடு வளர்ந்தவருக்கு அதைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாலு காலில் பங்கருக்குள் புகுந்தார்.

சுவரால் தண்ணீர் கசிந்திருந்தது. அடியில் கிடந்த வெங்காயப் பிடிகள் முளைவிட்டிருந்தன. சில கையில் எடுத்ததும் பிசுபிசுத்தன.

விதை வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டி உயரத்தில் தொங்கவிட வேண்டும். அதற்குக் காற்று வேண்டும், கொஞ்சம் புகையும் பட்டால் நல்லது. இதெல்லாம் அருளம்பலத்துக்குத் தெரியாததல்ல. ஊருக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

ஒரு பிடியை மடியில் வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரப் பிள்ளையோடு ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் தகப்பனைப்போல, பங்கர் வாசலில் இருந்தார்.

“இனி எங்கை கொண்டுபோய்க் கட்டித் தூக்கிறது? கொட்டிலும் இல்லை. வீட்டு அடுப்பு ஒருநேரந்தான் எரியுது.”

“மடத்து அடுப்பு அணையிறேல்லை” என்றார் சாமியார்.

அது உண்மை. இடம்பெயர்ந்த சனத்துக்காக அங்கே விடிந்தால் பொழுதுபடும்வரை கிடாரத்தில் கஞ்சி கொதித்தது.

அருளம்பலம் நிமிர்ந்து பார்த்தார்.

“அடுப்பைச் சுத்திப் பசிச்ச சனம் இருக்கு, சாமி.”

“ஓம்.”

“அதுகளின்ரை தலைக்கு மேலை விதையைத் தூக்கச் சொல்லுறியளோ?”

“அடுப்பு அங்கைதானே இருக்கு.”

•

சைக்கிளில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். மடத்துச் சனமே கைகொடுத்து, பிடிகளை வாங்கிக் கூரை வளைகளில் கொழுவியது. கஞ்சிக் கிடாரத்தைப் பார்த்துக்கொண்டவள் தவமணி என்றொரு பெண். கரையோரத்து ஊர் ஒன்றிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்தவள். அவள் அகப்பையைப் பிடித்தபடி மேலே பார்த்தாள்.

அருளம்பலம் சாமியாரை ஓரமாகக் கூப்பிட்டு, இது விதை, தொடக்கூடாது என்று சனத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி கேட்டார்.

“நீர் சொல்லும்.”

அருளம்பலம் சனத்தின் பக்கம் திரும்பினார். சிரட்டைகளோடு வரிசையில் நின்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். கஞ்சியில் சோற்றைத் தேட வேண்டியிருந்தது. அவர் வாயைத் திறந்தார்.

மூடிக்கொண்டார்.

சாமியார் கையை உயர்த்தி, அடுப்புக்குக் கிட்டத் தொங்கிய ஒரு பிடியைக் கழற்றினார். நல்ல பிடி. அதைத் தவமணியிடம் நீட்டினார்.

“பிள்ளை, கஞ்சிக்கு.”

அருளம்பலம் வெளியேறினார். செருப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

பிறகு அவர் மடத்துப் பக்கம் போகவில்லை. கேட்டவர்களிடம், சாமியாரைக் குருவாகக் கொண்டதுதான் தன் வாழ்நாளில் செய்த நட்ட வியாபாரம் என்றார். சிவக்கொழுந்து போய்ப் பார்க்கச் சொன்னபோதெல்லாம், பார்க்க என்ன இருக்கு என்றார். கடைசியில் அவள் வேறு வழியாக வந்தாள்.

“இஞ்சருங்கோ. விதை போனால் போகட்டும். செருப்பையாவது எடுத்துக்கொண்டு வாங்கோ. இனி வாங்கக் கடையிலை செருப்பு இல்லை.”

அது நியாயமாகப் பட்டது. போனார்.

மடத்து அடுப்படிக்குப் பின்னால் வெங்காயத் தோல் குவிந்து கிடந்தது.

அருளம்பலம் அதைப் பார்த்தபடி நின்றார். பிறகு உள்ளே போய்ச் சத்தம் போட்டார். அவர் சொன்னவற்றை இங்கே எழுத இயலாது. தமிழ் சொல்வளம் மிக்க மொழி என்பதற்கு அவை போதிய சான்று என்று மட்டும் சொல்லலாம்.

தவமணி அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“ஐயா, மேலை பாருங்கோ” என்றாள்.

பார்த்தார்.

வெங்காயம் தொங்கியது. காய்ந்து, தோல் சிவந்து பளபளத்தது. பிடிகள் சின்னச் சின்னதாக, ஒன்றோடொன்று முட்டாமல் தொங்கின.

“பங்கருக்குள்ளை அடங்க வேணுமெண்டு பெரிசாக் கட்டினியள் போலை. நடுவிலை காத்துப் போகாது. நாங்கள் எல்லாரும் இருந்து பிரிச்சுக் கட்டினனாங்கள். அழுகினதிலை நல்ல பக்கத்தை மட்டும் அரிஞ்சு கஞ்சிக்குப் போட்டம். தோல் அதுதான்.”

அருளம்பலத்தின் குரல் அடங்கிவிட்டது.

“சாமி தந்த பிடி?”

அவள் அகப்பையால் காட்டினாள். அடுப்புக்கு நேர் மேலே, சேலைக்கரைத் துணியால் கட்டிய ஒரு பிடி.

“அவர் ஒவ்வொரு நாளும் அதைக் கழட்டித் தாறவர். நான் ஒவ்வொரு நாளும் திருப்பிக் கொழுவிறனான்.”

“ஏன் பிள்ளை?”

இப்படியும் ஒரு வெங்காய வியாபாரி கேட்பானா என்று அவள் பார்த்தாள்.

“விதையல்லோ.”

கிடாரம் கொதித்தது. அவளுடைய ஊரில் என்ன பயிர் என்று அவர் கேட்டார். வெங்காயம்தான் என்றாள். அந்த விதை எங்கே என்று கேட்டார்.

“கொட்டிலோடை விட்டிட்டு வந்தம்.”

பிறகு அடுப்புக்குள் விறகைத் தள்ளியபடி சொன்னாள்:

“என்ரை சின்னவள்தான் மேலை தொங்கிற வெங்காயத்தைக் கேட்டுக் கேட்டு அழுதவள். அது நித்திரை கொள்ளுது, எழுப்பக்கூடாதெண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.”

சின்னவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே பார்த்தபடி.

அருளம்பலம் கட்டை ஆள். எட்டவில்லை. குதிக்காலை உயர்த்தி, எட்டி, அந்தச் சேலைக்கரைப் பிடியைக் கழற்றினார். அடுப்படியில், சாம்பலும் ஈரமுமான நிலத்தில், வெள்ளை வேட்டியோடு சம்மணம் கட்டி இருந்தார். கட்டை அவிழ்த்தார்.

“ஐயா, அது விதை” என்றாள் தவமணி.

“தெரியும், பிள்ளை.”

“தையிலை வைக்கிறதுக்கு...”

“மிச்சம் இருக்கு. கத்தி எங்கை?”

அவள் தயங்கித் தயங்கிக் கத்தியைக் கொடுத்தாள். அவர் உரிக்கத் தொடங்கினார். தலையை நிமிர்த்தாமலே, வீட்டுப் பங்கர் இப்போது வெறுமையாகக் கிடக்கிறது, பொம்மர் வந்தால் எல்லோரும் அங்கே ஓடிவர வேண்டும் என்றார்.

“இத்தினை பேருக்கும் இடம் காணுமே, ஐயா?”

“தள்ளி இருப்பம்.”

அன்றைக்குக் கஞ்சி மணத்தது. வரிசையின் கடைசியில் சாமியார் சிரட்டையோடு நின்றார். அவர் காலில் அருளம்பலத்தின் செருப்பு. முறை வந்தது, வாங்கினார், குடித்தார்.

அருளம்பலம் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“சாமி, அண்டைக்கு நான் ஒண்டு கேட்டனான், ஆரை நம்பிறதெண்டு.”

“இரும்” என்றார் சாமியார், வாயில் கஞ்சியோடு.

அருளம்பலம் ஏற்கெனவே இருந்தார்.

தூணடியிலிருந்து சின்னவள் மெல்ல வந்தாள். அவருக்கு முன்னால் குந்தி, அவர் கையில் உரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை உற்றுப் பார்த்தாள்.

“எழும்பிட்டுதோ, அப்பு?”

“ஓம், குஞ்சு” என்றார் அருளம்பலம். “இப்பத்தான்.”